கொட்டகைக் காற்று, கூண்டுக் காற்று: புதிதாக விலங்கு வளர்ப்பவர்களுக்கு நச்சு வாயு வழிகாட்டி

புதிதாக ஆடு, மாடு, கோழி வளர்க்க இறங்குகிறவர்கள் தீவனத்தைப் பற்றிக் கேட்பார்கள், தடுப்பூசி அட்டவணை கேட்பார்கள், கூரைக்கு என்ன போடலாம் என்று கேட்பார்கள். உள்ளே நிற்கும் காற்றைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வாடை வந்தால்கூட "கொட்டகைன்னா அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். நாய், பூனை, கிளி வைத்திருப்பவர்களுக்கோ வீட்டுக்குள் விஷவாயு என்ற பேச்சே மிகையாகத் தெரியும். ஆனால் சமையலறை, கழிவறை, கார் நிறுத்தும் அறை மூன்றிலும் அதற்கு வழி உண்டு.

கீழே உள்ளதை வரிசையாகச் செய்துகொண்டு வாருங்கள். பண்ணை இல்லாதவர்கள் கழிவுக் குழி, சைலேஜ் (வெட்டி அடைத்துவைக்கும் பச்சைத் தீவனம்) பகுதிகளைத் தாண்டிப் போகலாம். எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: காற்றை விலங்கின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் சோதிக்க வேண்டும். நின்றபடியே மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று சொல்வதில்தான் பாதிச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

படி 1: எந்த வாயு எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஒரு வாயுவின் எடை இதைவிடக் கூடுதலா குறைவா என்று பார்த்தால், அது தரையில் தேங்குமா மேலே ஏறுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஹைட்ரஜன் சல்பைடு 34, கார்பன் டை ஆக்சைடு 44, நைட்ரஜன் டை ஆக்சைடு 46, குளோரின் 71. இவை பள்ளம் தேடிப் போகிற வகை. படுத்திருக்கும் கன்று, தரையில் மேயும் கோழி, மூலையில் சுருண்டு தூங்கும் பூனை, இவை மூச்சு விடுவதும் அங்கேதான். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது, அதுவும் தரையோடு படரும்.

மீத்தேன் 16, கூரைக்கு அடியில் சேரும். அது மூச்சை அடைப்பதைவிடத் தீப்பிடிப்பதே பெரிய ஆபத்து: காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கார்பன் மோனாக்சைடு 28, கிட்டத்தட்டக் காற்றின் எடையே. அது அறை முழுக்கக் கலந்து நிற்கும். அம்மோனியா 17 என்பதால் கணக்குப்படி மேலே போக வேண்டும். ஆனால் அது பிறப்பதே ஈரத் தரையில். காற்றோட்டம் இல்லாத இடத்தில் பிறந்த இடத்திலேயே அடர்த்தியாக நிற்கும்.

கனமான வாயு என்ன செய்யும் என்பதற்கு உலகம் பார்த்த மோசமான உதாரணம் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரி. 1986 ஆகஸ்ட் 21 இரவு அந்த ஏரியின் அடியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு திடீரென்று வெளியேறி, பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கியது. ஏறத்தாழ 1,700 மனிதர்களும் 3,500 கால்நடைகளும் இறந்துபோனார்கள். உங்கள் கொட்டகையில் ஏரி வெடிக்கப் போவதில்லை. ஆனால் மேட்டைவிடப் பள்ளம் ஆபத்து என்ற விதி ஒரு சிறிய கழிவுக் குழிக்கும் அப்படியே பொருந்தும்.

படி 2: முழங்காலிட்டு ஒரு மூச்சு (அம்மோனியா)

தினமும் சந்திக்கப் போகிற வாயு இதுதான். சிறுநீரிலும் எச்சத்திலும் உள்ள யூரியா, யூரிக் அமிலத்தைக் கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. ஒரே நாளில் கூட்டமாகக் கொல்வது அரிது. ஆனால் கண்ணையும் மூச்சுக்குழலையும் மெல்ல அரிக்கும். மூச்சுக்குழலின் உள்ளே தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற நுண்மயிர்கள் உண்டு, அவை செயலிழந்தால் சாதாரணக் கிருமியும் நிமோனியாவாகிவிடும். "எத்தனை மருந்து போட்டும் சளி தீரவில்லை" என்று வருகிற பல கதைகளின் வேர் தரையில் ஊறிய மூத்திரத்தில் இருக்கிறது.

சோதிக்க நல்ல நேரம் விடியற்காலை, பக்கத் திரைகளைத் தூக்குவதற்கு முன். இரவெல்லாம் அடைபட்ட காற்று அப்போதுதான் தன் உண்மை முகத்தைக் காட்டும். உள்ளே போய் உடனே முழங்காலிடுங்கள். முகம் பறவையின் தலை உயரத்துக்கு, ஆட்டுக் குட்டியின் தலை உயரத்துக்கு வரட்டும். ஒரு சாதாரண மூச்சு இழுங்கள். மூக்கு சுருக்கென்று எரிகிறதா? கண்ணில் நீர் கட்டுகிறதா? முதல் ஓரிரு நிமிடத்தில் தெரிவதுதான் கணக்கு. அதற்கப்புறம் மூக்கு பழகிப்போய் பொய் சொல்ல ஆரம்பிக்கும். தினமும் உள்ளே வேலை செய்பவரைக் கேட்டால் "வாடையே இல்லையே" என்பார், அவர் சொல்வது அவர் அளவில் உண்மைதான். வெளியிலிருந்து வரும் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். (இந்த முழங்கால் சோதனை தினமும் ஆட்கள் நடமாடும் சாதாரணக் கொட்டகைக்கு மட்டும். குழி, தொட்டி, சைலேஜ் பக்கம் இதைச் செய்யவே கூடாது.)

எண்ணிக்கை வேண்டுமென்றால்: ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த இறைச்சிக் கோழி விதிகளின்படி, அடர்த்தியாகக் கோழி வளர்க்கும் கொட்டகையில் அம்மோனியா 20 பிபிஎம்மையும் கார்பன் டை ஆக்சைடு 3,000 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த விதியிலேயே கோழியின் தலை உயரத்தில் அளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அம்மோனியா காட்டும் நிறத்தாள்கள் கிடைக்கின்றன. சுத்த நீரில் நனைத்து, காற்றில் சில நொடி காட்டி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். தொடங்குபவர்களுக்கு அது போதும்.

கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு, இறக்கையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றால் அளவு எப்போதோ தாண்டிவிட்டது.

குறைப்பது எப்படி? ஈரத்தைக் குறைப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஆழ்கூளத்தில் (கொட்டகைத் தரையில் கனமாகப் பரப்பும் உமி, மரத்தூள் படுக்கை) ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. தூளாகப் பறந்தால் வறண்டுவிட்டது, அது தூசித் தொல்லை. ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒழுகும் தண்ணீர்க் குழாய்தான். கூளத்தைக் கிளறிவிட்டு, ஒழுகலை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் பழைய கதை. குழாய்க்கு அடியில் உள்ள கெட்டிப்பட்ட கூளத்தை அப்படியே அள்ளி வெளியே கொண்டுபோய்விடுங்கள். தீவனத்தில் தேவைக்கு மேல் புரதம் போட்டாலும் அந்த நைட்ரஜன் எச்சம் வழியாக வந்து அம்மோனியாவாகும், அது காசுக்கும் கேடு.

சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தை. ஈரக் கூளத்தில் நீற்றுச் சுண்ணாம்பைத் தூவினால் வாடை போகும் என்று பலர் நம்புகிறார்கள். சுண்ணாம்பு காரம். காரம் கூடினால் கூளத்தில் கட்டுண்டு கிடக்கும் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகக் கிளம்பும். பறவைகள் உள்ளே இருக்கும்போது இதைச் செய்வது நேர்மாறான வேலை. ஒரு தொகுதிக் கோழிகள் வெளியேறிக் கொட்டகை காலியாக இருக்கும்போது சுண்ணாம்பு போட்டுக் காற்றாட விடுங்கள். பறவைகள் இருக்கும்போது சூப்பர் பாஸ்பேட், படிகாரம் போன்ற அமிலத் தன்மையுள்ளவைதான் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும்.

முயல், கினிப் பன்றி, வெள்ளெலி வளர்ப்பவர்களும் இதே பகுதியைத்தான் படிக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் பக்கவாட்டில் காற்று போக வழியில்லை, மேல் மூடி வலையாக இருந்தாலும் அடியில் தேங்கும். கம்பிக் கூண்டு நல்லது. மூத்திர மூலையை மட்டும் தினமும் மாற்றினால்கூடப் பெரிய வித்தியாசம் தெரியும்.

யூரியா போட்டு மூடிவைத்த வைக்கோல் போர் இருந்தால், பிரித்த உடனே மாட்டின் முன்னால் போடாதீர்கள். திறந்தவெளியில் பரப்பி, மூக்கைத் துளைக்கும் வாடை போன பிறகு போடுங்கள். பிரிக்கும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும்.

படி 3: கழிவுக் குழியைக் கிளறும் நாள்

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. சாணமும் மூத்திரமும் காற்றில்லாமல் குழியில் கிடந்து நொதிக்கும்போது மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் உருவாகின்றன. சும்மா இருக்கும்வரை பெரும்பகுதி குழம்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மேலே படிந்த ஏட்டை உடைத்துக் கிளறினால் குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்தது போலத்தான். கிளறத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உச்சத்துக்குப் போகும். குழிக்கு மேலே இடைவெளித் தரை (கழிவு கீழே விழ இடுக்குகள் விட்ட தரை) போட்டு விலங்குகளை நிறுத்தியிருந்தால், அவை அந்த வாயுவின் மேலேயே நிற்கின்றன என்று அர்த்தம்.

ஹைட்ரஜன் சல்பைடின் குணம் வஞ்சகமானது. 1 பிபிஎம்முக்கும் குறைவாக இருந்தாலே அழுகிய முட்டை வாடை தெரிந்துவிடும். 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடும், வாடை மறைந்துபோகும். 500-ஐத் தாண்டினால் நிலைகுலைந்து விழ நேரம் ஆகாது. 1,000 பிபிஎம்மில் ஓரிரு மூச்சுதான். ஆகவே "முதலில் நாறியது, இப்போது இல்லை" என்று யாராவது சொன்னால், அந்த ஆளைப் பிடித்து வெளியே இழுத்து வரும் தருணம் அது.

கிளறும் நாளில் செய்ய வேண்டியது இது. நல்ல காற்று வீசும் நாளைத் தேர்ந்தெடுங்கள், அசையாத புழுக்க நாளில் ஒத்திப்போடுங்கள். முடிந்தால் விலங்குகள் அத்தனையையும் வெளியே ஓட்டிவிடுங்கள், இது ஒன்றே பாதிக்கு மேல் காப்பாற்றும். வெளியேற்ற வழியே இல்லாத பன்றிக் கொட்டகை என்றால், எல்லா மின்விசிறிகளையும் முழு வேகத்தில் முன்கூட்டியே ஓடவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெளியிலிருந்தே கவனித்துக்கொண்டு மெதுவாகக் கிளறுங்கள். ஒரு விலங்கு தள்ளாடினாலும் உடனே இயந்திரத்தை நிறுத்த ஆள் தயாராக இருக்க வேண்டும். குழியை விளிம்பு வரை நிரம்ப விடாதீர்கள், தரைக்கும் குழம்புக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். முதல் அரை மணி நேரம் யாரும் கொட்டகைக்குள் போகக் கூடாது. பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் வேண்டாம், மீத்தேனும் கூடவே வருகிறது. குழந்தைகள், வளர்ப்பு நாய்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எஜமானரின் பின்னாலேயே வந்து குழி ஓரத்தில் படுத்துக்கொள்வது நாயின் வழக்கம்.

அப்புறம், குழிக்குள் இறங்குவது. கன்று விழுந்திருந்தாலும், கைபேசி விழுந்திருந்தாலும், "ஒரு நிமிஷம்தானே" என்றாலும் இறங்காதீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில் சொன்னது: மூடிய இடங்களில் நடந்த மரணங்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையது. அண்ணன் இறங்கினான், தம்பி இறங்கினான், அப்பா இறங்கினார் என்று செய்தியில் வருகிற வரிசை இப்படித்தான் உண்டாகிறது. முகத்தில் ஈரத் துணி, சாதாரண முகக்கவசம், மருத்துவ முகக்கவசம் எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. சொந்தமாகக் காற்று கொண்டுபோகும் கருவியும், பயிற்சியும், மேலே கயிற்றோடு நிற்கும் ஆளும் உள்ள தீயணைப்புக் குழு மட்டுமே இறங்கலாம். சாண எரிவாயுக் கலன், மூடிய கழிவுத் தொட்டி, பாழுங்கிணறு எல்லாவற்றுக்கும் இதே விதி.

பெரிய பண்ணை என்றால் ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, எரியும் வாயு நான்கையும் காட்டும் கையடக்கக் கருவி வாங்கிவிடுவது நல்லது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். 19.5-க்குக் கீழே போனால் வெளியேறுங்கள். அந்தக் கருவியின் உணரிகளுக்கு ஆயுள் உண்டு. சோதனை வாயு காட்டி அவ்வப்போது சரிபார்க்காத கருவி பொய்யான தைரியம்தான் தரும், அதற்குக் கருவியே இல்லாமல் பயந்துகொண்டிருப்பது மேல்.

படி 4: சூடு தருவதெல்லாம் எங்கே புகை விடுகிறது?

குஞ்சுகளுக்கும் குட்டிகளுக்கும் கதகதப்பு வேண்டும் என்று கரி அடுப்போ எரிவாயு ஹீட்டரோ வைத்து, குளிர் வரக் கூடாது என்று எல்லாத் திறப்பையும் அடைத்துவிடுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. நிறமில்லை, வாடையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். விலங்கு முதலில் சோம்பலாகத் தெரியும், பிறகு தள்ளாடும், பிறகு எழாது. ஈறும் நாக்கும் செக்கச்செவேலென்று இருக்கலாம். "நல்ல நிறமாத்தானே இருக்கு" என்று அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சினைப் பன்றிகள் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தபடியே செத்த குட்டிகளை ஈனுவதுண்டு. பல பன்றிகள் ஒரே சமயத்தில் அப்படி ஈன்றால் நோயைத் தேடுவதற்கு முன் ஹீட்டரின் சுடரைப் பாருங்கள். நீலமாக இருந்தால் சரியாக எரிகிறது. மஞ்சளாகிக் கரி படிந்தால் காற்று போதவில்லை.

ஜெனரேட்டரை வெளியே, காற்று உள்நோக்கி வராத பக்கத்தில், கதவு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். கொட்டகைக்கு ஒட்டினாற்போல் கொடுக்கும் சாய்ப்பு வெளியே அல்ல. கார் நிறுத்தும் அறையில் நாயைக் கட்டிவைத்துவிட்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வீட்டில் ஒன்று, குஞ்சு அறையில் ஒன்று போதும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, நாய்க்கு மந்தம், வெளியே போனால் இரண்டு பேருக்கும் தெளிவு, இப்படி நடந்தால் அது தற்செயல் அல்ல.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோனது இந்த வாயுவுக்காகத்தான். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் சொன்ன யோசனை அது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும், காற்றுப் பைகள் அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனை எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு நன்றாக நஞ்சையும் உறிஞ்சும். அடுத்த பகுதி கிளி வளர்ப்பவர்களுக்கு இதனால்தான் முக்கியம்.

படி 5: வீட்டுக்குள் மூன்று இடங்கள்

சமையலறை. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால், ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தப் பூச்சு சிதைந்து புகை விடும். மனிதருக்குக் காய்ச்சல் போல வந்து போகலாம். கிளி, லவ் பேர்ட்ஸ், ஃபின்ச் நிமிடங்களில் இறந்துவிடும், கூண்டு அடுத்த அறையில் இருந்தால்கூட. கூண்டைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். சில வெப்ப விளக்குகளிலும் இஸ்திரிப் பலகை உறைகளிலும் இதே பூச்சு உண்டு, வாங்கும்போது கேளுங்கள். கொசுவர்த்தி, வாசனைத் திரவம் தெளிக்கும் கருவி, பெயிண்ட் வாடை எதையும் பறவை இருக்கும் மூடிய அறையில் வேண்டாம்.

கழிவறை, நாய் கட்டும் இடம். ப்ளீச்சோடு அமிலக் கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு. ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோராமின். நாய் மூத்திரம், பூனையின் மணல் தட்டு இவற்றில் அம்மோனியா ஏற்கனவே இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. முதலில் வெறும் தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாக அலசி, தண்ணீர் வடிந்த பிறகு, விலங்கை வெளியே விட்டுவிட்டு, நீர்த்த ப்ளீச். மறுபடி அலசி உலர்ந்த பிறகே உள்ளே விட வேண்டும்.

தானியம் வைக்கும் அறை. தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை விடுகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீனை வெளியிடும். மனிதரோ விலங்கோ தூங்கும் அறையிலும், அதற்குச் சுவர் ஒட்டிய அறையிலும் இதை வைக்கவே கூடாது. எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடைத் தின்ற நாயின் வயிற்றிலும் அதே வாயுதான் உருவாகிறது. பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரலாம். இங்கே ஒரு விஷயம் கால்நடை மருத்துவர்களுக்கே ஆபத்தானது: அந்த நாய் வாந்தி எடுத்தால் வயிற்றிலிருந்த பாஸ்பீனும் வெளியே வரும். மருத்துவரிடம் கொண்டுபோகும்போது வாகனத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும், முகத்தருகே குனியாதீர்கள். சோறோ ரொட்டியோ கொடுக்காதீர்கள், உணவு போனால் இரைப்பை அமிலம் சுரந்து வாயு கூடும். கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் தொலைபேசியில் மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள், அவர் திறந்தவெளியில் பார்க்க ஏற்பாடு செய்வார். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

படி 6: சைலேஜ் நிரப்பியிருந்தால்

பச்சைத் தீவனத்தை வெட்டி அடைத்த முதல் மூன்று வாரம், அதிலும் முதல் சில நாள், நைட்ரஜன் டை ஆக்சைடு வரலாம். வறட்சியில் வாடிய, நைட்ரஜன் உரம் தாராளமாகப் போட்ட பயிரில் இது அதிகம். மஞ்சள் கலந்த செம்பழுப்பு நிறத்தில் தரையோடு படரும், ப்ளீச் போன்ற வாடை. கோபுர வகைக் கிடங்கில்தான் ஆபத்து அதிகம், ஆனால் ஆழமான குழியும் விலக்கல்ல. பக்கத்துத் தொழுவத்துக்குள் அது வழிந்து வரும்படி கதவைத் திறந்துவைக்காதீர்கள். இந்த வாயுவை மூச்சிழுத்த விலங்கு அன்றைக்குச் சாதாரணமாக நடமாடிவிட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம்.

படி 7: ஏதாவது நடந்துவிட்டால்

விலங்குகள் கூட்டமாக விழுந்து கிடப்பதைப் பார்த்தால் கால் தானாக உள்ளே ஓடும். நில்லுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வெளியிலிருந்தே கதவுகளைத் திறங்கள், வாயுவை உண்டாக்குவது எஞ்சினாகவோ கிளறும் இயந்திரமாகவோ இருந்தால் வெளியிலிருந்து நிறுத்துங்கள். சமையல் எரிவாயு வாடை அடித்தாலோ, குழி வாயு என்று தெரிந்தாலோ உள்ளே விளக்கு, மின்விசிறி சுவிட்சைத் தொடாதீர்கள். தீயணைப்புத் துறையையும் கால்நடை மருத்துவரையும் அழையுங்கள். நடக்க முடிகிற விலங்குகள் திறந்த கதவைத் தேடித் தாமாகவே வரும், குரல் கொடுத்துக் கூப்பிடலாம்.

வெளியே வந்தவற்றை ஓடவிடாதீர்கள். நிழலில், நல்ல காற்றில், அமைதியாக நிற்கட்டும். நாய் பூனையின் கழுத்துப் பட்டையைத் தளர்த்துங்கள். கண் சிவந்திருந்தால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் மெல்ல ஊற்றிக் கழுவலாம். குளோரின், அம்மோனியா, புகை பட்ட உடம்பைத் தண்ணீரால் அலசுங்கள், இல்லையென்றால் நக்கி உள்ளே தள்ளும். வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். திணறும் விலங்கின் தொண்டையில் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு ஆக்சிஜன்தான் சிகிச்சை, அது மருத்துவமனையில்தான் கிடைக்கும்.

மருத்துவர் வருவதற்குள் வாயு கலைந்துபோய்விடும், அளந்தால் எதுவும் காட்டாது. அதனால் நீங்கள் குறித்துவைப்பதுதான் அவருக்குக் கிடைக்கும் தடயம். எத்தனை மணிக்கு, எந்த மூலையில், எந்த விலங்கு முதலில் விழுந்தது, படுத்திருந்தவையா நின்றிருந்தவையா, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, என்ன வாடை, என்ன நிறம், கொட்டகையின் திரை எந்த நிலையில் இருந்தது. கிடந்த நிலையிலேயே புகைப்படம் எடுங்கள். இறந்த உடலை நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள். திடீர்ச் சாவுக்கு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயும் காரணமாகலாம், அந்த உடலைத் திறந்தால் கிருமி மண்ணில் பரவிவிடும்.

பிழைத்தவற்றை இரண்டு நாளாவது அருகிலிருந்து பாருங்கள். நெருப்புப் புகை, குளோரின், நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டவை முதல் நாள் தீனி தின்று, மறுநாள் மூச்சு வாங்கும். விலா ஒடுங்கி விரிவது வேகமாகிறதா, கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, மூக்கில் நுரை தெரிகிறதா என்று இரவிலும் ஒருமுறை எழுந்து பாருங்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு என்றால் சில வாரம் கழித்துக்கூட மறுபடி மூச்சுக் கோளாறு வருவதுண்டு, அதை மருத்துவரிடம் முன்பே கேட்டுவையுங்கள். கொட்டகைக்குள் திரும்ப விடுவதற்கு முன், வாயு எங்கிருந்து வந்ததோ அதைச் சரிசெய்து, ஒரு முழு இரவு திறந்து போட்டு, தரை மட்டத்தில் கருவியை வைத்து அளந்து பாருங்கள். குழி வாயு என்றால் அந்த அளவீட்டையும் கருவியைக் கயிற்றில் கட்டி வெளியிலிருந்தே இறக்கித்தான் எடுக்க வேண்டும்.